நின்ற வண்டியின் டீசல்

இது மழைக்கு முந்தி நடந்ததா பிந்தியா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நேரில் இருந்த ஈஸ்வரன் என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஒருமுறை வண்டி வெள்ளை, இன்னொருமுறை சாம்பல். அங்கே பேசிய பேச்சு மட்டும் இரண்டு தடவையும் மாறவில்லை. அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

காரைக்குடியில் கார்களின் கோளாறைக் கணினி வைத்துக் கண்டுபிடிக்கும் சிறிய பட்டறை சத்தியப்பிரியாவுடையது. கணவரின் தம்பி ஈஸ்வரன் அவருக்குத் துணை. பானட்டைத் திறப்பதற்கு முன்பே குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவது ஈஸ்வரனின் வழக்கம். சத்தியப்பிரியா அப்படியில்லை. அவர் ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையில் நீண்ட நேரம் எடுத்துக்கொள்வார்.

அன்று வந்தது ஒரு டீசல் கார். ஓட்டி வந்தவர் ஏகப்பன். பக்கத்தில் அவருடைய அக்கா விசாலி ஆச்சி. பின்னாலேயே ஒரு பைக்கில், அவர்களிடம் டிரைவராக இருந்த பாண்டீஸ்வரன்.

"லைட்டு மறுபடி எரியுது," என்றார் ஆச்சி. "போன மாசம்தான் வேற பட்டறையில காட்டுனோம். புகைக்குழாய் வடிகட்டியில கரி அடைச்சிருக்குன்னு, சுத்தம் பண்ணி லைட்ட அணைச்சுக் குடுத்தாக. டீசலும் நிக்க மாட்டேங்குது. கிலோமீட்டரு சரியா இருக்கு, டீசலு சரியா இல்ல. யாரோ எடுத்துருக்காகன்னுதான அர்த்தம்?"

யாரோ என்றபோது அவர் பின்னால் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை.

பாண்டீஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கே சாவிய வாங்கிட்டாக. இன்னொரு எடத்துல வேலை கேட்டா, அந்த வீட்டுல ஏன் நிப்பாட்டுனாகன்னு கேக்குறாக. நான் என்னன்னு சொல்ல? எம் முன்னாடியே பாத்துச் சொல்லுங்க. திருடன்னா திருடன்னே சொல்லிருங்க."

சத்தியப்பிரியா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறு படிக்கும் கருவியைச் செருகினார். திரையில் ஆச்சி சொன்ன அதே கோளாறின் எண் வந்தது. வடிகட்டியில் கரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எண் விழுந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்பதையும் வண்டிக்குள் இருக்கும் கணினி பதிந்து வைத்திருக்கும். அதைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் பின்னால் வரும் சாலை தெரியவில்லை. ஓரத்து டீக்கடையின் பெஞ்சு தெரிந்தது. அவர் அதைத் தொடாமல் இறங்கினார்.

"டேங்க்ல ட்யூப் விட்டு உறிஞ்சிருக்காக மதினி," என்றார் ஈஸ்வரன்.

"உறிஞ்சுனா எஞ்சினுக்கு எப்படித் தெரியும் கொழுந்தனாரே? அது டேங்க எட்டிப் பாக்குமா?"

ஈஸ்வரன் விடவில்லை. "அப்ப இவரு ஏசியப் போட்டு வண்டிக்குள்ள தூங்கியிருக்காரு."

"இது பாதி சரி." சத்தியப்பிரியா ஆச்சியிடம் திரும்பினார். "வண்டி தினமும் எங்கிட்டுப் போகுது ஆச்சி?"

"தேவகோட்டையில எங்க கடைக்கு. முன்னாடி காலையில பாண்டி சரக்கு கொண்டுபோவாரு. மத்தியானத்துக்கு மேல எந்தம்பி போவான். இப்ப இவன் மட்டுந்தான்."

"அம்புட்டுத் தூரம் ரோட்டுல ஓடுனா வடிகட்டி சூடாகி, கரி தானா எரிஞ்சுரும். எரியலைன்னா, ஓடுன நேரத்த விட, எஞ்சின் ஓட வண்டி சும்மா நின்ன நேரம் சாஸ்தி. நின்னா டீசல் போகும், கிலோமீட்டர் ஏறாது. நீங்க தப்பாக் கணக்குப் பாக்கல ஆச்சி, கிலோமீட்டர மட்டும் பாத்தீக. கோளாறு விழுந்தப்ப வேகம் சைபர். எஞ்சின் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கு."

"அதான் சொன்னேன், தூக்கம்," என்றார் ஈஸ்வரன்.

"போன மாசம் வடிகட்டியச் சுத்தம் பண்ணியாச்சு. அன்னைக்கே பாண்டியண்ணன்கிட்ட சாவியும் வாங்கியாச்சு. இப்ப இருக்கிற கரி முழுக்க அதுக்கப்புறம் சேந்தது."

பாண்டீஸ்வரன் ஹெல்மெட்டைப் பைக்கின் மேல் வைத்தார்.

"தூங்குறவுக கண்ணாடியத் திருப்ப மாட்டாக," என்று சத்தியப்பிரியா மெதுவாகத் தொடர்ந்தார். "இப்படித் திருப்பி வச்சா பின்னாடி வர்ற பஸ் தெரியாது. வண்டிய நிறுத்திட்டு, பின்னாடி ஓரத்துல இருக்கிற எதையோ பாக்கத்தான் திருப்பணும். அது என்னன்னு மிஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரிய வேண்டியதில்ல."

ஏகப்பன் வண்டியின் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"பள்ளிக்கூட வாசல்," என்றார். "நித்யஸ்ரீ படிக்கிற பள்ளிக்கூடம்."

நித்யஸ்ரீ அவர் மகள். மனைவி பிரிந்துபோய் மகளோடு தேவகோட்டையில் இருந்தார். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"முன்னாடியே போகலைன்னா அந்த எடம் கெடைக்காது. வெக்கைக்கு ஏசியப் போட்டு ஒக்காந்திருப்பேன். மணியடிச்சதும் வருவா, ஆட்டோ ஏறுவா. அம்புட்டுத்தான்."

"எறங்கிப் போய்ப் பேசலாம்லண்ணே," என்றார் ஈஸ்வரன்.

"என்னையப் பாத்தா ஓடி வந்துருவா. அப்பறம் விட்டுட்டுப் போறப்ப அழுவா. அத ஒரு தடவ பாத்தாச்சு. அதான் வண்டிய வாசலுக்கு முதுகக் காட்டி நிறுத்திட்டு, கண்ணாடியில பாக்குறது."

பாண்டீஸ்வரன் கேட்டார்: "எனக்கு ஒரு மாசம் போச்சேண்ணே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்தான். அவ பக்கத்துப் பேச்சே வீட்டுல கூடாதுன்னு ஆச்சி சொல்லிட்டாக. சொன்னா அந்த வாசலும் போயிரும்னு பயந்துட்டேன். அதுக்கு ஒங்கள விட்டுக் குடுத்துட்டேன். தப்புதான்."

விசாலி ஆச்சி டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ வந்து ஆறிப்போனது என்று ஈஸ்வரன் இரண்டு முறையும் சொன்னார். பிறகு ஆச்சி, தம்பியைப் பார்க்காமலே கேட்டார்.

"அவ இப்ப என்ன உசரம் இருப்பா?"

"தெரியல ஆச்சி," என்றார் ஏகப்பன். "அந்தக் கண்ணாடியில எல்லாமே சின்னதாத்தான் தெரியும்."

விசாலி ஆச்சி அங்கேயே பாண்டீஸ்வரனிடம் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குத் திரும்ப அழைத்தார். அவர் போகவில்லை. இப்போது கல்லலில் லோடு வண்டி ஓட்டுகிறார். வழக்கு முடிந்ததும் நித்யஸ்ரீ தாயோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஏகப்பன் ரயிலில் போய்ப் பார்த்து வருகிறார். ஆச்சி ஒருமுறை அவருடன் போனார், அதன்பிறகு போகவில்லை. கார் விற்கப்பட்டது. ஈஸ்வரன் புதுக்கோட்டையில் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார். சத்தியப்பிரியா அதே இடத்தில்தான் இருக்கிறார்.