ஒரு கண்ணை மூடினால்...!

“பொய் சொல்ற கண்ணு என் முன்னாடி ஜெயிச்சதா சரித்திரமே இல்ல!”

கண் டாக்டர் அருணகிரி இதைச் சிரிக்காமல் சொன்னார். செங்கல்பட்டில் இருபத்திரண்டு வருட அனுபவம். லீவு கேட்கும் டிரைவர் நடிக்கிறானா, இல்லையா என்று ஒரு வேன் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர் அவர்தான்.

எதிரே பதருன்னிசா. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவள். மடியில் கனமான கட்டைப்பை.

“எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது டாக்டரு...”

“அட! போன மாசம் உவைஸ்னு ஒரு டிரைவர் இதே பாட்டுத்தான் பாடினான். ஒரு கண்ண உள்ளங்கையால பொத்திகினே வந்தான். என்னா நடிப்பு! ‘கைய எடுடா, போய் வண்டிய எடு’ன்னு வாசல்லயே தொரத்திட்டேன்!”

“டெஸ்ட்டு பண்லியா?”

“அந்த மூஞ்சிக்கு டெஸ்ட் வேறயா?”

அவள் இடது கண்ணை மூடச் சொன்னார். பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

“எத்தினி?”

“ரெண்டு.”

வலது கண்ணை மூடினாள்.

“இப்ப?”

“ரெண்டுதான்.”

டார்ச் அடித்துப் பார்த்தார். கை தட்டினார்!

“மாட்னியாம்மா! ஒத்தக் கண்ணுலயே ரெண்டா தெரிஞ்சா லென்ஸ்ல கோளாறு இருக்கணும். உன் லென்ஸு கண்ணாடி மாதிரி கீது. அப்ப பொய்!”

“நெஜமா இருந்தா?”

“நரம்புக் கோளாறுன்னா, ஒரு கண்ண மூடினதும் ஒண்ணாயிடும். அதான் அவங்க கண்ணப் பொத்திகினே திரி...”

அருணகிரி நிறுத்தினார்.

தாமதம்!

“பொத்திகினுதானே வந்தாரு, என் வூட்டுக்காரரு?”

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“நீ... உவைஸோட...?”

“மறுநாளே கல்பாக்கம் சவாரி. ரெண்டு பாலம் தெரிஞ்சிருக்கு. இல்லாத பாலத்துல ஏத்திட்டாரு. வண்டியோட அவரும் போய்ட்டாரு.”

“த... தப்பு கம்பெனி மேலம்மா! அவங்கதான்...”

“அவங்களாண்ட அப்பறம் போறேன். உங்க வாயால கேக்கணும்னுதான் நடிச்சேன்.”

கட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது... வேனின் ஜாக்கி ராடு!

“ஜெயப்பிரியா...!”

நர்ஸ் ஜெயப்பிரியா பஸ் ஸ்டாண்டு பக்கம் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மடார்!

இடது கன்னத்து எலும்பு நொறுங்கியது. டாக்டர் சுவரோடு சரிந்தார். நிமிர்ந்தார்.

இரண்டு கதவு. இரண்டு ஃபேன். இரண்டு பதருன்னிசா... இரண்டு ராடு!

எது நிஜம்? எந்தப் பக்கம் விலகுவது?

இருபத்திரண்டு வருட அனுபவம் சத்தமில்லாமல் கையைத் தூக்கியது. உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“இப்ப எத்தினி டாக்டரு?”

“ஒ... ஒண்ணு...”

“அப்ப நெஜந்தான்!” ராடு மறுபடி உயர்ந்தது. “லீவு எடுத்துக்கோங்க!”