தொட்டில் அட்டை

தொட்டிலில் கட்டியிருந்த அட்டையில் பிறந்த நேரம் எழுதியிருந்தது. காலை 11.12. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தேகால்.

சௌம்யா இன்னொரு முறை படித்தாள். பேபி ஆஃப் சௌம்யா. ஆண். 2.9 கிலோ. வயிற்றுக்குள்ளிருந்து அந்த பேபி விலாவில் ஓர் உதை விட்டது.

மல்காஜ்கிரியின் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் டெட்டால் வாசனையும், கீழே கேன்டீனில் தாளிக்கும் கறிவேப்பிலை வாசனையும், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கும் சத்தமும், விட்டு விட்டு வரும் இடுப்பு வலியும்கூட விடியற்காலையிலிருந்து அவளுக்குப் பழகிவிட்டிருந்தன. பழகாதது ஒன்றுதான், அவளைக் கண்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்துவது.

"சிஸ்டர், இது என்ன?"

ஆக்னஸ் சிஸ்டர் திரும்பாமலே சொன்னாள். "முகூர்த்த ஆபரேஷன்னா முன்னாடியே எழுதி வெச்சிருவோம்மா. டைம் உங்க மாமியார் கொடுத்தாங்க. டென்ஷன் நக்கோ, பயப்படாதீங்க."

"ஆபரேஷனுக்கு நான் ஒத்துக்கவே இல்லையே. துடிப்பு நல்லா இருக்கு, காத்திருக்கலாம்னு டாக்டரே காலைல சொன்னாங்க."

"ஃபாரம் வந்துருச்சேம்மா."

"சரி, நேரம் மாமியார் கொடுத்தாங்க. எடையை யார் கொடுத்தா?"

ஆக்னஸ் வேகமாக வெளியே போய்விட்டாள்.

வாசலில் அவள் கணவன் கிரி. கையில் ஃபைல். "நல்ல நேரம்டி. அம்மா ஜோசியர் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னு வாங்கிட்டு வந்தது. படிச்ச திமிரை இங்க காட்டாத."

"படிச்சவதானே? அதைக் கொடு, படிக்கிறேன்."

ஆபரேஷனுக்குச் சம்மதம். கையெழுத்துப் போடும் இடத்தில் ஊதாவாக ஒரு கைநாட்டு.

சௌம்யாவின் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மூன்று பிரசவத்துக்கும், பிறகு கர்ப்பப்பையை எடுத்தபோதும், என்ன எழுதியிருக்கிறதென்று ஒருத்தரும் சொல்லாமலே அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார்கள். அந்த விரலைப் பார்த்துத்தான் சௌம்யா வெறியோடு படித்தாள்.

"யார் கை வெச்சது?"

"நீதானே வெச்ச?" என்றான் கிரி. பொய் சொல்லும் முகமாக இல்லை.

தன் கட்டைவிரலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. எட்டு வயதில் அரிவாள்மணை கிழித்த தழும்பு குறுக்கே ஓடியது.

கைநாட்டிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

ஃபாரத்தை நாலாகக் கிழித்தாள். கிரியை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலில் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். அவன் தட்டினான், திட்டினான், ஓய்ந்தான்.

பதினொன்று ஐந்து. நடையில் செருப்புச் சத்தம் நின்றது.

பதினொன்று பத்து. கறிவேப்பிலை வாசனை இல்லை. ரயிலும் இல்லை.

பதினொன்று பன்னிரண்டு.

யாரும் வரவில்லை.

பதினொன்று பதின்மூன்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஜெயிச்சுட்டோம்டா," என்றாள் வயிற்றிடம்.

உதை இல்லை. வலியும் இல்லை.

"டேய்."

தொட்டிலில் ஏதோ தும்மியது. பிறகு அழுதது. பச்சைக் குழந்தையின் அழுகை. மூடியிருந்த வெள்ளைத் துணி ஏறி இறங்கியது.

நைட்டிக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டாள். தொளதொளவென்றிருந்தது. கீழே விரலில் தையல் நூல் நெருடியது. ஒரு முடிச்சு. அடுத்தது. அடுத்தது.

கையை வெளியே எடுத்தாள்.

கட்டைவிரல் முழுக்க ஊதா மை. இன்னும் ஈரமாக.