கதவில்லாத அறை

யாருமே நடக்க முடியாத இடத்தில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டில் அல்ல, சசிகுமார் செய்துகொண்டிருந்த வீடியோ கேமுக்குள். வெளியே ஐப்பசி மழை, காதில் ஹெட்போன், திரையில் வேற்றுக்கிரகம் ஒன்றில் வானை மறைத்து நிற்கும் கான்கிரீட் கோட்டை. பூச்சே இல்லாத அதன் சுவர்களில் கான்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகையின் வரிகளும் ஆணித் தழும்புகளும் அப்படியே தெரிந்தன. அந்தக் கோட்டையின் வயிற்றுக்குள் எங்கோ ஒருத்தி மெட்டி உரச நடந்தாள். இடது கால் மட்டும் சற்று இழுபட்டது.

அந்த நடை தமயந்தியுடையது. போன சித்திரையில் காய்ச்சலில் இறந்துபோன அவன் மனைவி.

கேமில் அவள் நடை இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில், அவர்கள் குடியிருக்கும் நகரியத்தின் ஓரத்தில் காலியாகக் கிடந்த பழைய கட்டடம் ஒன்றுக்கு அழைத்துப்போய், வெறுங்காலோடு படியேறச் சொல்லி அவன்தான் அதைப் பதிவு செய்தான். போகும் வழியெல்லாம் புரூட்டலிசம் என்று வாய் ஓயாமல் விளக்கம் வேறு. ஜன்னல் சிறுத்து, சுவர் பெருத்து, மனிதனை எறும்பாக்கிவிடும் கட்டடங்கள். நேற்று கட்டியதா, ஆயிரம் வருஷம் கழித்துக் கட்டப்போவதா என்றே தெரியாது. அதனால்தான் விண்வெளி கேம் செய்கிறவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்றான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"வேற்றுக்கிரகம்ங்கிறீங்க. நம்ம பிளாக் தண்ணி டேங்க் மாதிரில்ல இருக்கு" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல். பிறகு, "அந்தக் கதவ மட்டும் சாத்தாதீங்க. எனக்கு மூச்சு முட்டும்."

இன்று மதியம் சென்னையிலிருந்து அவனுடைய மேலாளர் செல்வகுமார் கூப்பிட்டிருந்தார். "ஆடிப் பாக்குறவங்க எல்லாரும் ஒரே கம்ப்ளெயின்ட், சசி. ஆளே போக முடியாத எடத்துல காலடி கேக்குதாம். இன்னிக்கே அத அழிச்சிடுங்க."

சரி என்றுதான் சொன்னான். விரல் போகவில்லை. அவளில் மிச்சமாகி இன்னும் அசைந்துகொண்டிருப்பது அந்த நடை ஒன்றுதான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். கோட்டையின் நட்டநடுவில் ஒருவருக்கும் சொல்லாமல் ஓர் அறை கட்டியிருந்தான். இப்போது அவன் உட்கார்ந்திருக்கும் இதே குவார்ட்டர்ஸ் படுக்கையறையின் நகல். அதே கட்டில், அதே அலமாரி, கொடியில் அவளுடைய மஞ்சள் துண்டு. காரியம் முடிந்த வாரம் தூக்கம் வராமல் கட்டி, பதிவு செய்த அவள் நடையை அதற்குள் உலவ விட்டிருந்தான். விளையாட வருகிற எவனும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று நான்கு பக்கமும் கான்கிரீட் எழுப்பினான். கதவு வைக்கவில்லை.

அந்த அறைக்குள் நடை சுவரோரமாகச் சுற்றியது. நின்றது. உள்ளங்கை சுவரைத் தடவும் ஓசை. மறுபடி நடந்தது.

தடவும் ஓசையை அவன் பதிவு செய்ததே இல்லை.

 பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. ஐ.சி.யூ.வில் அவள் அவனிடம் கடைசியாகக் கேட்டது, "கதவத் தொறந்து வைக்கச் சொல்லுங்க" என்பதுதான். அன்று அது அவன் கையில் இல்லை. இங்கே அடைத்து வைத்தவன் அவனேதான்.

"இரு தமா. இதோ தொறந்துடறேன்."

புதிதாகக் கதவு வரைய மனம் வரவில்லை. எழுந்து, தன் அறையின் நீலக் கதவைக் கைபேசியில் எல்லாப் பக்கமும் படமெடுத்தான். சுவரோ துருவோ மரமோ, நிஜத்தில் இருப்பதைப் படமெடுத்து உள்ளே ஏற்றுவது அந்தத் தொழிலில் வழக்கம்தான். கதவை ஏற்றி, அந்த அறையின் சுவரில் பொருத்தினான்.

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா சங்கரலிங்கம் குரல் கொடுத்தார். "சசி, தோச ஆறுதுப்பா. சாப்டுட்டுப் போய் அதுகூட மல்லுக்கட்டு."

"வரேம்ப்பா."

திரையில் கதவைத் திறந்தான்.

நடை நின்றது. பிறகு வாசலைத் தாண்டியது. நீண்ட தாழ்வாரத்தில் மெட்டி வேகமாக ஒலித்தது, படிகளில் இறங்கியது, தேய்ந்து அடங்கியது. ஹெட்போனைக் கழற்றி வைத்து, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

மழை கேட்கவில்லை.

டிவியும் கேட்கவில்லை. ஈர சிமென்ட் வாசனை.

திரும்பினான். நீலக் கதவு இருந்த இடத்தில் சுவர். சாம்பல் நிறம். பலகை வரிகள். ஆணித் தழும்புகள். ஜன்னல் இருந்த இடத்திலும் அதேதான். கை வைத்தான். சில்லென்று இருந்தது.

"அப்பா."

வெகுதூரத்திலிருந்து பேசுவதுபோல அப்பாவின் குரல். "இங்கதான இருந்தான். எங்க போனான் இவன்?" செருப்புச் சத்தம் சுவரைக் கடந்து போய்விட்டது.

பிறகு, சுவருக்கு வெளியே, மெட்டி.

இடது கால் இழுபட்டது. நின்றது. கான்கிரீட்டின் அந்தப் பக்கம் ஓர் உள்ளங்கை மெல்லத் தடவியது. ஓர் எட்டு. மறுபடி தடவல்.

அவனுக்காக அவள் கதவைத் தேடிக்கொண்டிருந்தாள்.