பேனரில் சிரித்த அம்மா

பேருந்து நிறுத்தத்தில் அம்மா ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பள்ளி விட்டு வந்த பட்டாசு அப்படியே நின்றுவிட்டாள். பத்து வயதுக்காரிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கோபம் வந்தால் வெடித்துவிடுவாள்.

அம்மாவின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தது: 'சலவைக்கூடத்தில் இருந்தேன். நான்கே மாதம் கோடிங் படித்தேன். இன்று மென்பொருள் நிறுவனத்தில் வேலை! சனிக்கிழமை சேர்க்கைக் கூட்டம். நீங்களும் வாருங்கள்!'

நான்கு மாதம் படித்தது உண்மை. ஆனால் வேலை? முப்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு பதில்கூட வரவில்லை. இன்று காலையும் அம்மா ஹோட்டல் சலவைக்கூடத்துக்குத்தான் போயிருந்தார்.

அம்மா வீடு திரும்பியதும் பட்டாசு வெடித்தாள். "உன் போட்டோவைப் போட்டுப் பொய் எழுதி வச்சிருக்காங்கம்மா!"

"தெரியும். நானும் பார்த்தேன்." அம்மா செருப்பைக் கழற்றினார். "படிப்பு முடிஞ்ச அன்னிக்கு எடுத்த படம். என்னை ஒரு வார்த்தை கேட்கல."

"அப்புறம் ஏன் சும்மா இருக்கே?"

"வேலைக்கு அந்தப் பயிற்சி மையம்தான் சிபாரிசு பண்ணணும். பகைச்சுக்கிட்டா அதுவும் போச்சு."

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு மாடிவீட்டு அத்தை வந்தார். போன வாரம்தான் குடிவந்தவர். கையில் ஒரு கடிதம்.

"அக்கா, பேனர்ல உங்களைப் பார்த்தேன்! இனிமே பிஸ்கட் தொழிற்சாலை எனக்கு வேண்டாம். நாளைக்கே வேலையை விடப்போறேன். கடுதாசிகூட எழுதியாச்சு!"

அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

பட்டாசு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொடுத்துடாதீங்க அத்தை. அது பொய். அம்மாவுக்கு இன்னும் வேலை கிடைக்கல."

அத்தை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "அடப்பாவிங்களா! நல்லவேளை சொன்னே. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"நீங்க எங்க வீட்டு மாடியில இருக்கீங்க, தப்பிச்சீங்க. பேனரைப் பார்த்த மத்தவங்க?"

அம்மா நிமிர்ந்து கேட்டார், "சனிக்கிழமை கூட்டம் எத்தனை மணிக்குப் போட்டிருக்கு?"

சனிக்கிழமை கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பயிற்சி மைய மேலாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு பேனரைக் காட்டிப் பேசினார். "இந்த அம்மாவைப் பாருங்க! சந்தேகம் இருந்தா கேளுங்க."

பட்டாசு கை தூக்கினாள். "சார், அவங்க எந்த கம்பெனியில வேலை செய்றாங்க?"

"பெரிய கம்பெனி பாப்பா."

"பேரு?"

"அதெல்லாம் ரகசியம்."

"எங்க அம்மாகிட்டயும் ரகசியமாவே வச்சிட்டீங்களே சார்! இன்னிக்குக் காலையிலகூட அவங்க சலவைக்குத்தான் போனாங்க!"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மேலாளர் சிரிக்கவில்லை. "பாப்பா, இது சும்மா விளம்பரம்..."

"சும்மாவா?" அம்மா எழுந்தார். அத்தையைச் சுட்டிக்காட்டினார். "அதை நம்பி இவங்க இருந்த வேலையை விட இருந்தாங்க. இங்க பாடம் நல்லாத்தான் நடத்துறாங்க. நானே இப்போ சொந்தமா நிரல் எழுதுவேன். ஆனா என்கூடப் படிச்ச பத்தொன்பது பேர்ல மூணு பேருக்குத்தான் வேலை கிடைச்சிருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிடுங்க!"

எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஆசிரியை மெல்லச் சொன்னார்: "ஆமாம். மூணு பேர்தான்."

முன்வரிசையில் இருந்தவர் கையிலிருந்த சேர்க்கைப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "யோசிச்சுச் சொல்றோம்." பின்னாலேயே பலர் எழுந்தார்கள். மாலைக்குள் ஊரில் இருந்த அத்தனை பேனர்களும் இறங்கிவிட்டன.

கூட்டத்திலிருந்து வெளியே வந்தபோதே அத்தை கேட்டிருந்தார், "அக்கா, வேலையை விடாம சாயங்காலத்துல படிக்கலாமா? நீங்களே சொல்லித் தர்றீங்களா?"

"அதுக்கென்ன, வாங்க!" என்றார் அம்மா.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா முப்பத்தோராவது விண்ணப்பத்தை எழுதினார். சலவைக்கூடத்தில் ஒன்பது ஆண்டு என்றும் அதில் சேர்த்தார். பிறகு கணினியை மகள் பக்கம் திருப்பினார்.

"இதுல பொய் ஏதாவது இருக்கான்னு பாரு."

பட்டாசு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"ஒண்ணுகூட இல்லம்மா. அனுப்பு!"