அடம் பிடித்த வேனும் என் பவுடர் டப்பாவும்

எங்கள் பழைய வேன் ஒரு வாரமாக அடம் பிடித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து அம்மா காலை எடுத்த பிறகும் உறுமிக்கொண்டே இருக்கும்.

அந்த வேனில்தான் அம்மா எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவார்.

"இன்னைக்குள்ள சரியாகலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம். பிள்ளைங்க உயிரோட விளையாட முடியாது," என்றார் அம்மா. சொல்லிவிட்டுத் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எங்கள் வேனா இரும்புக்கு?

அம்மாவின் தம்பி மெக்கானிக். அவர் வந்து டிரைவர் சீட்டைத் தூக்கினார். எங்கள் வேனுக்கு எஞ்சின் அதற்கு அடியில் இருக்கிறது. பெடலை மிதித்தால் ஒரு கம்பி நகரும், வண்டி வேகமெடுக்கும். காலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் அந்தக் கம்பியைத் திரும்ப இழுக்கும்.

மாமா புது ஸ்பிரிங் மாட்டினார். கம்பியின் மூட்டுகளில் எண்ணெய் விட்டார். பெடலைக் கையால் அமுக்கி விட்டார். 'டக்!' உடனே மேலே வந்தது.

"பாத்தியாக்கா! எப்படி வழுக்கிட்டு வருது!"

சீட்டை இறக்கினார். அம்மா உட்கார்ந்து, எஞ்சினைப் போடாமலே மிதித்துப் பார்த்தார். பெடல் கீழேயே படுத்துவிட்டது.

மறுபடி தூக்கினால் 'டக்!' இறக்கி அம்மா உட்கார்ந்தால், ம்ஹூம்.

"மாமா, அம்மா உட்கார்ந்தாத்தான் மாட்டுது," என்றேன்.

அம்மா முறைத்தார். "அப்போ நான் குண்டுன்னு சொல்றியா?"

"ஐயோ, இல்லம்மா! சீட்டுக்கு அடியில ஏதோ கம்பியைப் பிடிக்குது."

"சீட்டை மூடிட்டா உள்ளே எப்படிப் பாக்கிறது, நச்சு?" என்றார் மாமா. ஓயாமல் கேள்வி கேட்டு நச்சரிப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

நான் வீட்டுக்குள் ஓடி என் பவுடர் டப்பாவை எடுத்து வந்தேன். கம்பி முழுக்கத் தூவினேன்.

"என்ன, கம்பிக்குக் கல்யாணமா?" மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க! அம்மா, நீ உட்காரும்மா."

அம்மா உட்கார்ந்து, மிதித்து, இறங்கினார். சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். சூடு ஏறாமலிருக்க அதன் அடியில் அம்மா ஒரு பழைய போர்வையை ஒட்டியிருந்தார். அதன் ஓரம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. அதில், கம்பி உரசிய இடத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு பவுடர் கோடு!

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "எஞ்சினுக்குப் போர்வையா? அதுக்கென்ன குளிருதாக்கா?"

போர்வையை எடுத்ததும் அம்மா மிதித்தார். 'டக்!' எஞ்சினைப் போட்டும் பார்த்தார். காலை எடுத்ததும் வேன் சாதுவாக அடங்கியது.

மறுநாள் தெரு முனையில் பிள்ளைகள் கேட்டார்கள்: "ஆன்ட்டி, யாரு சரி பண்ணது?"

"என் பொண்ணு!" அம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

சாயங்காலம் மாமாவிடம் என் டப்பாவைக் கேட்டேன்.

"அதை இனிமே தர மாட்டேன். பட்டறைச் சாமான் ஆயிடுச்சு," என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய கருவிப் பெட்டியில், ஸ்பானர்களுக்கு நடுவில், என் பவுடர் டப்பா ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.