தங்கப் பூச்சுக்கு அடியில்

காலைக் காப்பியே இன்னும் ஆறவில்லை, மாமியாரின் ஆத்திரமா ஆறும்? அட்டைப்பெட்டியைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தார். தங்க நிறம் பூசிய எவர்சில்வர் ஸ்பூன்கள் சலசலவென்று கொட்டின. ஒவ்வொரு கைப்பிடியிலும் யாரோ அழுத்திப் பிடித்த விரல் தடம், பூச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. இனி எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

"இதான் நீ வேலை செய்யற லட்சணமா? கழுவினதுக்கப்புறம் வெறுங்கையால தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது! ஹோட்டல்காரன் அத்தனையும் திருப்பி அனுப்பிட்டான். மானமே போச்சுடி!"

கீழே பட்டறை, மேலே வீடு. ஸ்பூன்களைச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது, அமிலத்தில் கழுவித் துடைப்பது, நிறம் பூச அனுப்புவதற்காகக் கம்பியில் மாட்டுவது... எல்லாம் மருமகள்தான். மாமனார் இறந்த வருடம், ஆள் வைக்க வழியில்லாமல், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பதினாறு வருடமாகியும் எழுந்திருக்கவில்லை. கைக்கு வந்த டீச்சர் வேலை உத்தரவைக்கூட மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

"கழுவினப்புறம் கையுறை இல்லாம நான் தொட்டதே இல்ல, அத்தை."

"அப்ப பேய் வந்து தொட்டுச்சா? போதும் தாயே! பட்டறைச் சாவியைக் கொடு. இனிமே அடுப்படியோட கிட. நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

சாவியையா கேட்கிறார்! புருஷனைப் பார்த்தாள். அவன் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

ஒரு ஸ்பூனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரல் தடம். சுழி சுழியாக ரேகை, அதன் குறுக்கே ஒரு வெட்டு. அந்த வெட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்டவளே அவள்தான். செய்தித்தாளைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"அத்தை, என் விரலைப் பாருங்க." பத்து விரல்களையும் நீட்டினாள். "மெருகுப் பொடியும் அமிலமும் தின்ன விரல் இது. எங்கேயாவது ரேகை இருக்கா? போன்கூட என் விரலுக்குத் திறக்க மாட்டேங்குது! எனக்கே இல்லாத ரேகை ஸ்பூன்ல எப்படி வரும்?"

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. பிறகு ஸ்பூனைப் பார்த்தார். மகனிடம் போனார்.

"கையைக் காட்டுடா!"

"பூச்சுக்காரன் வண்டி வந்து நின்னுடுச்சும்மா... இவ சாப்பிட மேல வந்திருந்தா... அவசரத்துல வெறுங்கையாலயே நானே கம்பியில மாட்டிட்டேன்..."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! பிள்ளைப்பூச்சிக்கும் அன்று கொடுக்கு முளைத்தது.

"மாட்டினது பெரிய தப்பில்ல. அவசரம் யாருக்கும் வரும். ஆனா உங்கம்மா என்னைக் கிழிகிழின்னு கிழிக்கும்போது குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தீங்களே... அது என்ன அவசரம்?"

மாமியார் அவள் விரல்களை முகத்தில் ஒற்றிக்கொண்டு விம்மினார்.

"ஐயோ... இந்தக் கையை யாருடி இப்படி ஆக்கினது?"

"நீங்கதான், அத்தை."

சொல்லிவிட்டாள்! மாமியார் மறுக்கவில்லை. அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவளுக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. விலகி வந்து, சாவியைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"அத்தனை ஸ்பூனுக்கும் பூச்சை உரிச்சு, தேய்ச்சு, கழுவி, நீங்களே மாட்டுங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். சாவியைத் திரும்பி வந்து வாங்கிக்கறேன்."

"எப்ப வருவே?"

"கோபம் தீர்ந்ததும்."

வாசலில் செருப்பை மாட்டும்போது, பின்னால் மாமியார் ஒரு பையோடு வந்து நின்றார்.

"இருடி, நானும் வர்றேன்."

"உங்க மேலயும்தான் கோபம், அத்தை."

"தெரியும். வழியெல்லாம் திட்டிக்கிட்டே வா."