ஆறாம் கட்டில் பாட்டில்

ரிப்பனை வெட்டச் சொல்லிக் கத்திரிக்கோலை நீட்டிய நேரத்தில்தான் மாடியில் அலறல் கேட்டது. புதன்கிழமை, காலை பதினொரு மணி.

டாக்டர் சொர்ணவல்லி அதற்கு முன்பே எரிச்சலில்தான் இருந்தார். நெஞ்சறை அறுவை சிகிச்சையில் முப்பது வருஷம், மருத்துவக் கல்லூரி டீன், அப்புறம் இயக்குநர் பதவி. இத்தனையும் பார்த்த மனுஷிக்கு ஓய்வுக்குப் பின் வாய்த்த உத்தியோகம் ரிப்பன் வெட்டுவது. திருக்கோகர்ணத்து இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் அதற்காகத்தான் வந்திருந்தார். கழுத்தில் மூன்று பொன்னாடை. புழுக்கம் உயிரை வாங்கியது.

மைக்கில் நின்றவர் இங்கே தலைமை டாக்டரான பெரியண்ணன், சொர்ணவல்லியின் முதல் செட் மாணவர். "இந்தக் கை மேடம் பழக்கின கை," என்று நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையைப் பழக்கினால் போதுமா, வாயை யார் பழக்குவது என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். வார்டில் ஆறாம் கட்டில். டிராக்டர் சரிந்து விலா எலும்பு உடைந்த இலுப்பூர் இருளாண்டி செத்துக் கிடந்தார். அலறிய நர்ஸ் பிளெஸ்ஸி பக்கத்தில், கையில் கிளாம்ப் எனும் பல் வைத்த இரண்டு இரும்பு இடுக்கிகளோடு நின்றிருந்தாள்.

இருளாண்டியின் நுரையீரலில் ஓட்டை. கசியும் காற்று வெளியேற, இடது நெஞ்சில் குழாய் போட்டு, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தார்கள். குமிழி வந்தால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்தக் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைத்தால் காற்று உள்ளேயே சேர்ந்து ஆளை அமுக்கிவிடும்.

சொர்ணவல்லி இருளாண்டியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இடப்பக்கம் சேர்ந்த காற்று தள்ளியதில் மூச்சுக்குழல் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. "குழாயை அடைச்சுக் கொன்னிருக்காங்க," என்றார்.

இன்ஸ்பெக்டர் திருப்பதி வந்ததும் பெரியண்ணன் முந்திக்கொண்டார். "கிளாம்ப் இந்தப் பொண்ணு கையிலதான் சார் இருந்துச்சு. எல்லாரும் பார்த்தோம். இன்னையோட இவள வேலையிலருந்து எடுத்தாச்சு."

"நான் எடுத்து விட்டேன் சார், போடல," என்றாள் பிளெஸ்ஸி. "நர்ஸ் பட்டமே போயிரும் சார்."

"நீ எங்கம்மா இருந்த?"

"கேட்ல. சந்தனத்தட்டோட வரிசையில நிக்கச் சொன்னாங்க. எல்லா நர்ஸும் அங்கதான்."

"வார்டுல யாரு?"

"யாருமில்ல. எட்டாம் கட்டில் பேஷண்ட் மட்டும், அவரும் மருந்துத் தூக்கத்துல. கூட இருந்த சொந்தக்காரங்களையும் வெளிய அனுப்பிட்டாங்க. மனசு கேக்காம ஓடி வந்து பார்த்தா..."

சொர்ணவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியை அம்போவென்று விட்டுவிட்டு வாசலில் பன்னீர் தெளிப்பு. இதற்கா ஒரு ஆயுசு முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினோம்!

நர்ஸுகள் கீழே போன பிறகு வார்டுக்குள் வந்தவர்கள் மூன்றே பேர். டியூட்டி டாக்டர் பிரவீன்குமார், ஒரு சுற்று. பெரியண்ணன், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு பார்வை. தரை துடைக்கும் அடைக்கலமேரி.

"நீங்க துடைக்கும்போது பாட்டில் எங்க இருந்துச்சு?" என்று சொர்ணவல்லி கேட்டார்.

"வாசப்பக்கம் இங்கிட்டு இருந்துச்சும்மா. ரத்தமும் தண்ணியுமா. நான் தொடல."

இப்போது அது அங்கிட்டு, ஜன்னல் பக்கம் இருந்தது. இடது நெஞ்சுக் குழாய் இருளாண்டியின் வயிற்றைத் தாண்டி இழுபட்டுக் கிடந்தது. வாசலையொட்டித் தலைமாட்டில் புது பேனர், சொர்ணவல்லியின் பெரிய படத்தோடு. ரிப்பன் வெட்டியதும் போட்டோ எடுப்பதாக இருந்ததும் அங்கேதான்.

இன்ஸ்பெக்டரின் உறையில் கிளாம்ப்புகள். பற்களில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. சொர்ணவல்லி அதைப் பார்த்தார்.

"ஒரு டிரே கொண்டாங்க. புது டியூப், ரெண்டு கிளாம்ப், பஞ்சு, காஸ், பிளாஸ்திரி எல்லாம். பிளெஸ்ஸி, டாக்டர்ங்க ரெண்டு பேரு, மூணு பேரும் டியூப்ப அடைச்சுக் காட்டுங்க."

"என்ன மேடம் இது, பரீட்சையா?" என்று பெரியண்ணன் சலித்துக்கொண்டார்.

"ஆமா. ஒன் வயசுக்கு வேண்டியதுதான்."

பிளெஸ்ஸி வெறும் கிளாம்ப்பை நேராகக் கடிக்க விட்டாள். பிரவீன்குமாரும் அப்படியே. "ஆனா குமிழி வர்ற டியூப்புல போடவே கூடாதுன்னுதான் மேடம் படிச்சிருக்கோம்," என்று சேர்த்துச் சொன்னார்.

பெரியண்ணனுக்கு அதற்குள் போன். ஏதோ டி.வி.க்காரர்கள். தோளில் போனை இடுக்கி, "ஒண்ணும் பெருசா இல்லங்க, ஒரு நர்ஸு தப்புத்தான்," என்று பேசியபடியே டிரேயை இழுத்தார். கை தன்பாட்டில் காஸ் துணியைக் கிழித்தது. டியூப்பில் சுற்றியது. அதன் மேல் கிளாம்ப், எதிர்த்திசையில் இன்னொரு கிளாம்ப்.

இன்ஸ்பெக்டர் உறையைப் பார்த்தார். டிரேயைப் பார்த்தார்.

"ரப்பர் டியூப் காலத்துல கிளாம்ப் பல்லு ரப்பரக் கிழிச்சிரும் சார்," என்றார் சொர்ணவல்லி. "அதுக்காகத் துணி சுத்தச் சொல்லிக்கொடுத்தேன். பிளாஸ்டிக் வந்ததும் நானே விட்டுட்டேன். இந்தப் புள்ளைங்க ரெண்டும் ரப்பர் டியூப்பக் கண்ணால கண்டதில்ல. அடைக்கலமேரிக்குக் கிளாம்ப்பே தெரியாது. பாட்டிலத் தூக்கினா அதுல இருக்குறது நெஞ்சுக்குள்ள திரும்பிரும்னு தெரிஞ்ச ஆளுதான் கிளாம்ப் போட்டுட்டுத் தூக்கியிருக்கான். மைக்ல நாலு தரம் சொன்னானே, அந்தக் கைதான்."

பெரியண்ணன் போனை அணைத்தார். "போட்டோல அசிங்கமாத் தெரியும்னு நகத்தினேன் மேடம். ஒரு நிமிஷம்தான். அவிழ்க்கப் போனப்ப ஒங்க கார் வந்துருச்சுன்னு போன் வந்துச்சு. ஓடிட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

அம்மா பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உருவிக் காலிக் கட்டிலில் எறிந்தார்.

"மறந்தது மனுஷ குணம், பெரியண்ணா. அதுக்குக் கோர்ட் இருக்கு. மறந்தது ஞாபகம் வந்தப்புறம் இந்தப் புள்ள தலையில தூக்கி வச்சியே, அதுக்கு என்ன பேரு?"

இன்ஸ்பெக்டர் பெரியண்ணன் பக்கமாக ஒரு அடி வைத்தார்.

"ஜீப்புக்கு அப்புறம் போகலாம் சார். கீழ இருளாண்டி சம்சாரம் ஒக்காந்திருக்கு. இன்னும் யாரும் சொல்லல." சொர்ணவல்லி மாணவரின் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார். "போ. நீ போய்ச் சொல்லு. எப்படின்னும் சொல்லு."

அவர் இறங்கிப் போனார். இன்ஸ்பெக்டரும் கூடவே போனார். பிளெஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டாம் கட்டிலுக்கு நடந்தாள். அங்கேயும் ஒரு பாட்டில் இருந்தது. குனிந்து, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.